இணையதளத்தில் இருப்பதெல்லாம் யாருடையது? ஒரு பதிவேடு வைக்கும் முறை

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் அமைப்பின் பொது ஈமெயிலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் கடிதம் வந்து கிடந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஏற்றிய ஒரு கட்டுரையில், மழையில் குடை பிடித்து நடக்கும் சிறுமியின் படம் இருந்தது. அந்தப் படம் எங்கள் கட்சிக்காரருடையது, அனுமதி வாங்கியிருந்தால் ஆதாரத்தை 14 நாளுக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இழப்பீடு கட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கூடவே எங்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு.

எங்களிடம் பதில் இல்லை. கட்டுரையை ஏற்றிய தன்னார்வலத் தம்பி விலகி மூன்று வருடம் ஆகியிருந்தது. நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "கூகுள்ல தேடினப்ப வந்துச்சுக்கா. கீழே 'நன்றி: கூகுள்'னு போட்டிருந்தேனே" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நான்.

பேசித் தொகையைக் குறைத்துக் கட்டி முடித்தோம். பணத்தைவிட, அந்த விவகாரம் தின்ற ஐந்து வாரம்தான் எங்களுக்குப் பெரிய இழப்பு. அதற்கப்புறம் நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு சிறிய தொண்டு அமைப்பின் இணையதளத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்கிறது என்பது, படம் ஏற்றிய நாளில் நாம் ஒரு வரி எழுதி வைத்தோமா என்பதைப் பொறுத்தது.

"நன்றி: கூகுள்" என்பது அனுமதி ஆகாது

எல்லோரும் பார்க்கும்படி கிடப்பதால் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தில் இன்று சுமார் 180 நாடுகள் இருக்கின்றன. அதன்படி, ஒரு படைப்பு உருவானதுமே உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டாம், ஓரத்தில் எந்தக் குறியும் போட வேண்டாம். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் படைத்தவரின் ஆயுளோடு குறைந்தது 50 வருடம் அந்த உரிமை நீடிக்கும். பல நாடுகளில் 60, 70 என்று இன்னும் நீளம்.

பெயர் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கை. ஒரு மாணவி தன் பள்ளிக்கான ஸ்பானிஷ் மொழிக் கட்டுரையில், ஒரு பயணத் தளத்திலிருந்து கோர்தோபா நகரத்தின் படத்தை எடுத்துச் சேர்த்தாள். படத்துக்குக் கீழே எந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்றும் குறிப்பிட்டிருந்தாள். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. புகைப்படக்காரர் வழக்குப் போட்டார். 2018ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அசல் தளத்தில் படம் பூட்டில்லாமல் திறந்து கிடந்தாலும், அதை எடுத்து இன்னொரு தளத்தில் ஏற்றுவதற்குத் தனியாக அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. லாப நோக்கமில்லாத பள்ளி, படிப்புக்கான கட்டுரை, கீழே மூலமும் குறிப்பிட்டாயிற்று. எதுவும் அனுமதிக்கு ஈடாகவில்லை.

அந்தப் படம் இருக்கும் பக்கத்துக்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. உரிமையாளரே எல்லோருக்கும் திறந்து வைத்த பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதில் ஐரோப்பாவில் பொதுவாகச் சிக்கல் இல்லை என்று 2014லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வரும் இடங்களில் இப்போதெல்லாம் படத்தை எடுப்பதில்லை, இணைப்பைத்தான் கொடுக்கிறேன்.

தமிழில் ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது. பேச்சில் எல்லாவற்றையும் காப்புரிமை என்கிறோம். எழுத்து, படம், இசை, மென்பொருள் போன்ற படைப்புகளுக்கு இருப்பது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க். வழக்கறிஞரிடம் பேசும்போது இந்த மூன்றையும் மாற்றிச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இணையதளம் வைத்திருப்பவர்களைத் தினமும் தொடுவது பதிப்புரிமை. எப்போதாவது, ஆனால் பலமாகத் தாக்குவது வணிகக்குறி.

பதிவேடு

ஒரு எக்செல் ஷீட் போதும். தளத்தில் நாமே உருவாக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கோப்பின் பெயர், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, படைத்தவர் யார், எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தோம், எந்த உரிமத்தில், அதற்கு என்ன வரம்பு, ஆதாரம் எந்த ஃபோல்டரில். ஆதாரம் என்பது ரசீதாக இருக்கலாம், ஈமெயிலாக இருக்கலாம், உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம். ஏற்றியவர் பெயருக்கும் ஒரு கட்டம் வையுங்கள். குற்றம் சாட்டுவதற்காக இல்லை, பிறகு கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

புதிதாக ஏற்றுவதை எழுதி வைப்பது சுலபம். பழையதுதான் மலை. நானும் இன்னொருவரும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு மாதத்தில் முடித்தோம். படங்களில் தொடங்குங்கள், கடிதம் வருவது பெரும்பாலும் அதற்குத்தான். உரிமையாளர்களின் மென்பொருள்கள் இணையத்தில் படங்களைத் தேடித் துழாவிக்கொண்டே இருக்கின்றன. நீங்களும் அதே வழியில் முந்திக்கொள்ளலாம். டின்ஐ, கூகுள் லென்ஸ் போன்றவற்றில் உங்கள் படத்தைப் போட்டால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். விற்பனைத் தளம் ஒன்றில் அதே படம் நின்றால் உடனே கவனியுங்கள். கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப், ஐபிடிசி என்ற தகவல்களில் புகைப்படக்காரரின் பெயர் இருக்கலாம். அதை அழிக்காதீர்கள். உரிமைத் தகவலை வேண்டுமென்றே நீக்குவதற்கு எதிராக வைப்போ (WIPO) என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்திலேயே விதி இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத படத்தை எடுத்துவிடுங்கள். நல்ல படம், மனசு வராது, தெரியும். எடுத்துவிடுங்கள்.

எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டுரையிலிருந்து படத்தை நீக்கினால், சர்வரில் இருக்கும் கோப்பு போய்விடாது. நேரடி முகவரியைத் தட்டினால் வந்து நிற்கும். வேர்ட்பிரஸ் போன்றவை ஒரே படத்தைப் பல அளவுகளில் பிரதி எடுத்து வைக்கும், அவையும் போக வேண்டும். கேச் (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பிரதி), பழைய ஆண்டறிக்கை பிடிஎஃப், செய்திமடல், சமூக ஊடகப் பதிவு என்று அதே படம் ஊர்ந்து போன இடங்களையும் பாருங்கள். எங்கள் குடைச் சிறுமி மூன்று பிடிஎஃப்களில் இருந்தாள்.

இலவசப் படங்களின் கதை

"இலவசப் படத் தளத்திலிருந்து எடுத்தது" என்ற பதிலை நான் இப்போது ஏற்பதில்லை. எந்தத் தளம், எந்தத் தேதி, அன்று என்ன உரிமம் என்று கேட்கிறேன். அன்ஸ்பிளாஷ் தளம் 2017ல் தன் உரிமத்தை மாற்றியது. பிக்ஸபே 2019ல் மாற்றியது. எடுத்த நாளின் உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால்தான் எந்த விதியில் எடுத்தோம் என்று காட்ட முடியும். ஏற்றியவர் உண்மையிலேயே அந்தப் படத்தின் சொந்தக்காரரா என்பதும் தனிக் கேள்வி. படத்தில் இருக்கும் மனிதர் சம்மதித்தாரா என்பது இன்னொரு கேள்வி. நோய், வறுமை, வன்முறை பற்றிய கட்டுரையில் யாரோ ஒருவரின் முகத்தை வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். சட்டம் இருக்கட்டும், அந்த மனிதருக்கு அது எப்படி இருக்கும்?

சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002ல் வந்தன. அவற்றை நான் மதிக்கிறேன், எங்கள் கட்டுரைகளையும் அப்படித்தான் வெளியிடுகிறோம். ஆனால் அதிலும் நிபந்தனை உண்டு. படைப்பின் தலைப்பு, படைத்தவர் பெயர், மூலத்துக்கு இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும் என்று நான்கையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. படத்தை மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மாற்றக்கூடாது என்ற உரிமம் இருந்தால் அதை வெட்டி ஒட்டி இன்னொரு படமாக்கி வெளியிட முடியாது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், நீங்கள் தொண்டு அமைப்பு என்பது போதாது. என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது. நாட்காட்டி அச்சடித்து விற்றால் அது வணிகமாகலாம்.

அந்த உரிமத்தின் பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். 2013ல் வந்த 4.0 பதிப்பில், நிபந்தனையை மீறியது தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைக்கும். மீறியிருந்த காலத்துக்கு உரிமையாளர் கேட்கக்கூடியதை அது அழிக்காது என்றாலும் பெரிய நிம்மதி. பழைய பதிப்புகளில் இந்த அவகாசம் இல்லை, மீறியதும் உரிமம் முடிந்துபோகும். பெயர் விட்டுப்போன பழைய பதிப்புப் படங்களைத் தேடிப்பிடித்துப் பணம் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். எனவே சரிபார்க்கும்போது 4.0க்கு முந்தைய படங்களை முதலில் பாருங்கள்.

காசு கொடுத்துச் செய்ததும் நம்முடையது என்று நினைக்க வேண்டாம்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான அமைப்புகள் அசந்துபோகின்றன, நாங்களும்தான். அமெரிக்காவில் வீடற்றவர்களுக்காக வேலை செய்த ஒரு தொண்டு அமைப்பு, ஒரு சிற்பியிடம் சிலை செய்யச் சொன்னது. யோசனை அமைப்பினுடையது, செலவும் அமைப்பினுடையது. சிலை யாருடைய பதிப்புரிமை என்று தகராறு வந்தது. 1989ல் உச்ச நீதிமன்றம், சிற்பி அந்த அமைப்பின் ஊழியர் இல்லை, ஆகவே பதிப்புரிமை அமைப்புக்குத் தானாகப் போகாது என்றது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதுதான் அங்கே ஓட்டை.

சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது பல நாடுகளில் நிறுவனத்துக்குச் சேரும். வெளியாள் செய்தது அப்படி இல்லை. விழாவில் படமெடுத்த புகைப்படக்காரர், லோகோ வரைந்தவர், இணையதளத்தைக் கட்டியவர், மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எல்லாரையும் நினைத்துப் பாருங்கள். தன்னார்வலரும் ஊழியர் இல்லை. அன்பாகச் செய்து கொடுத்த ஓவியத்தின் உரிமை அன்பால் கைமாறாது, கையெழுத்தால்தான் மாறும்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்குங்கள். உரிமையை முழுசாக மாற்றித் தருகிறாரா, பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறாரா, இணையத்துக்கு மட்டுமா அச்சுக்கும் சேர்த்தா, எத்தனை காலம், திருத்தலாமா, பெயர் எங்கே போட வேண்டும், அசல் கோப்புகளை ஒப்படைப்பாரா. மற்றவருடைய எதையும் அனுமதியில்லாமல் இதில் சேர்க்கவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். முழு உரிமையும் எல்லாவற்றுக்கும் கேட்காதீர்கள். புகைப்படக்காரருக்கு அவர் படங்கள்தான் பிழைப்பு. நமக்குத் தேவையான பயன்பாட்டுக்கு நிரந்தர அனுமதி இருந்தாலே போதும். லோகோ மட்டும் விதிவிலக்கு, அது முழுக்க நம்முடையதாக இருக்க வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: லோகோவில் இருக்கும் இலையோ பறவையோ படத் தளத்தில் வாங்கியதா? அத்தகைய தளங்களின் உரிமங்கள் பெரும்பாலும் லோகோவாகவோ வணிகக்குறியாகவோ பயன்படுத்தத் தடை போட்டிருக்கும்.

செயற்கை நுண்ணறிவில் வரைந்த படத்துக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்தான். ஆனால் அது உங்களுடையதாகவும் இல்லாமல் போகலாம். படைத்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று உறுதிப்படுத்தியது. லோகோவை அப்படி உருவாக்குவதை நான் தவிர்க்கிறேன். மற்றபடி பதிவேட்டில் எந்தக் கருவி, எந்தத் தேதி என்று எழுதிவிடுகிறோம்.

இசை, எழுத்துரு, நிரல்

நிகழ்ச்சி வீடியோவுக்குப் பின்னால் ஓடும் பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. நாமே பாடிப் பதிவு செய்தாலும் முதலாவது அப்படியே நிற்கும். சில விநாடிதான், பத்து சதவீதம்தான் என்று ஒரு கணக்குச் சுற்றுகிறது. எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் அப்படி ஒரு விதி கிடையாது. உரிமம் வாங்கிய இசையைப் போடுங்கள், ரசீதைப் பதிவேட்டில் சேருங்கள்.

எழுத்துரு வாங்கும்போது கணினியில் பயன்படுத்தும் உரிமமும் இணையதளத்தில் பதிக்கும் உரிமமும் பெரும்பாலும் தனித்தனி. திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் ஏராளம் இருக்கின்றன, அவற்றையே நான் பயன்படுத்துகிறேன். மென்பொருள் நிரலில், திறந்த மூல உரிமங்களில் ஒன்றான எம்ஐடி (MIT) கேட்பது உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான். ஜிபிஎல் (GPL) என்ற இன்னொரு திறந்த மூல உரிமக் குடும்பம் அதைவிட அதிகம் கேட்கும், மாற்றி வெளியே கொடுக்கும் முன் படித்துவிடுங்கள். திருட்டுத்தனமாகத் திறந்துவிட்ட தீம், பிளக்இன் வேண்டவே வேண்டாம். உரிமச் சிக்கலுக்கு முன்னால் வைரஸ் வந்துவிடும்.

பெயரும் டொமைனும்

புதுத் திட்டத்துக்குப் பெயர் வைக்கும் உற்சாகத்தில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. உங்கள் நாட்டு வணிகக்குறிப் பதிவேட்டில் அரை மணி நேரம் தேடுங்கள். சர்வதேச வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உள்ளன, 34 பொருள்களுக்கு, 11 சேவைகளுக்கு. அதே பெயர் சோப்புக்கு இருந்தால் உங்கள் பயிற்சித் திட்டத்துக்குப் பொதுவாகத் தடை வராது. கல்விச் சேவையிலேயே இருந்தால் பெயரை மாற்றிவிடுங்கள். போஸ்டர் அடிப்பதற்கு முன் மாற்றுவது எளிது.

டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளத்தைக் கட்டிய டெவலப்பரின் சொந்த ஈமெயிலில் இருந்தால், அது அமைப்பின் பெயருக்கு மாறும் வரை தூங்காதீர்கள். டாட்காம், டாட்ஆர்க் போன்றவை காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகு மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறொருவர் உங்கள் பெயரில் டொமைன் எடுத்துவிட்டால், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பு 1999ல் கொண்டுவந்த தகராறு தீர்க்கும் முறையில் போகலாம். மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் வணிகக்குறியைப் போலவே அல்லது குழப்பும்படி இருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். மூன்றும் சேர்ந்து வேண்டும்.

மற்றவர்கள் உங்கள் தளத்தில் போடுவது

வாசகர்கள் கதை, படம் அனுப்பினால், இது என் சொந்தப் படைப்பு, வெளியிட அனுமதிக்கிறேன் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்ய வையுங்கள். புகார் அனுப்ப ஒரு முகவரி தளத்தின் அடியில் தெரியட்டும், அந்தப் பெட்டியைத் தினமும் ஒருவர் திறக்கட்டும். பயனர்கள் போட்டதற்காக அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குத் தேவைப்பட்டால், டிஎம்சிஏ (DMCA) என்ற 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி புகார் வாங்கும் முகவரை அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிந்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தால் பாதுகாப்பு போய்விடும்.

கடிதம் வந்தால்

முதல் அரை மணி நேரம் பதில் எழுதாதீர்கள். இணைப்பையோ கோப்பையோ அழுத்தாதீர்கள், ஏனென்றால் பதிப்புரிமைப் புகார் போல வேஷம் போட்டு வைரஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பியவர் உண்மையான வழக்கறிஞரா என்று கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு வேறு வழியில் சரிபாருங்கள்.

உண்மை என்றால், பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். பிறகு படத்தை எடுத்துவிடுங்கள். எடுப்பது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது, ஆனால் கடிதத்தில் அதை மன்னிப்பாக எழுதவும் வேண்டாம். நாங்கள் பதற்றத்தில் எழுதிய முதல் ஈமெயிலில் "எங்கள் தவறுதான்" என்று எழுதிவிட்டோம், அதற்கப்புறம் பேச இடம் குறைந்துபோனது. பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அனுமதி இருந்தால் ஆதாரத்தை அனுப்பினாலே பல விவகாரங்கள் முடிந்துவிடும். இல்லையென்றால், கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று மட்டும் எழுதி, உரிமைக்கான சான்றைக் கேளுங்கள். அவர்தான் உரிமையாளரா, வேறு யாருக்கும் இல்லாத பிரத்யேக உரிமம் பெற்றவரா, தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள்? நியாயமான கேள்விகள் இவை. காப்பீடு இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள், தாமதித்தால் ஏற்க மறுக்கலாம். அப்புறம் வழக்கறிஞர். கெடு முடிந்தால் தானாக அடங்கிவிடும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் எழுத்தை வேறொருவர் எடுத்துப் போட்டிருந்தாலும் முதலில் ஆதாரம்தான், பிறகு மரியாதையாக ஒரு ஈமெயில். பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள், கேட்டதும் எடுத்துவிடுகிறார்கள். எடுக்காவிட்டால் அவர்களுடைய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தேடுபொறிக்கும் புகார் கொடுக்கலாம்.

இப்போது எங்கள் அமைப்பில் ஒருவர் விலகும்போது, சாவியும் லேப்டாப்பும் வாங்குவதோடு, பதிவேட்டில் அவர் பெயரில் உள்ள வரிகளை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். ஆதாரம் அவருடைய சொந்த ஈமெயிலில் இருந்தால் அன்றே பொது ஃபோல்டருக்கு வந்துவிடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.